எக்ஸ்டென்ட் சைஸ் டெஸ்ட்களை ரிவ்யூ செய்வது எப்படி? கேள்வி பதில்

லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை வைத்துப் பராமரிக்கும் முறை) எக்ஸ்டென்ட் சைஸ் செட்டிங்கைச் சோதிக்கும் டெஸ்ட்களை ரிவ்யூ செய்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறேன். ஒரே மாதிரி இருந்த சில கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். டெஸ்ட் என்று நான் சொல்வதெல்லாம் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் சேர்கிற ஷெல் ஸ்கிரிப்ட்களைத்தான். முன்பு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்று அழைத்தோமே, அதேதான்.

கேள்வி: நான் புதுசு. எக்ஸ்டென்ட் சைஸ் ஹின்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுங்கள் சார்.

ஒரு ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு பிளாக்காக, அதாவது ஃபைல்சிஸ்டம் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகாக, குறித்து வைத்தால் அந்தக் குறிப்பே பெரிதாகிவிடும். அதனால் "இந்த பிளாக்கில் ஆரம்பித்து இத்தனை பிளாக்" என்று தொடர்ச்சியான துண்டாகக் குறிக்கிறார்கள், அந்தத் துண்டுதான் எக்ஸ்டென்ட். கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்படும் ஃபைல் டிஸ்க் முழுக்கச் சிதறிப்போகாமல் இருக்க, "இந்த ஃபைலுக்கு இடம் ஒதுக்கும்போது 64 கேபி, 64 கேபியாக ஒதுக்கு" என்று ஃபைலிலேயே குறித்து வைக்கலாம். அதுதான் ஹின்ட். 4 கேபி எழுதினாலும் 64 கேபி ஒதுக்கப்படும், மீதி 60 கேபி "ஒதுக்கியாச்சு, இன்னும் எழுதவில்லை" என்ற நிலையில், அதாவது அன்ரிட்டன் எக்ஸ்டென்ட்டாக இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்_ஐஓ கருவியில் எக்ஸ்ட்சைஸ் என்ற கட்டளை இதைச் செய்யும்.

கேள்வி: ஒரு புது டெஸ்ட் ரிவ்யூவுக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

இந்த டெஸ்ட் தோற்பதைப் பார்த்தார்களா என்றுதான். பாஸ் ஆவது பெரிய விஷயமே இல்லை, காலியான ஸ்கிரிப்ட்கூடப் பாஸ் ஆகும். ஒரு கெர்னல் பக்குக்காக எழுதிய டெஸ்ட் என்றால் அந்த ஃபிக்ஸை எடுத்துவிட்டு கெர்னலை பில்ட் செய்து ஓட்டிப் பார்ப்பேன், அங்கே தோற்க வேண்டும், ஃபிக்ஸ் போட்டதும் பாஸ் ஆக வேண்டும். எந்த கமிட் சரிசெய்தது என்று ஸ்கிரிப்ட்டிலேயே குறிப்பதற்கு ஒரு ஹெல்பர் இருக்கிறது, டெஸ்ட் தோற்கும்போது அந்த கமிட்டின் பெயரை அதுவே அச்சிடும். பழைய கெர்னலில் ஓட்டுகிற ஒருவர் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார், அரை நாள் மிச்சம். அது இல்லாமல் வந்தால் கண்டிப்பாகக் கேட்பேன்.

கேள்வி: அதேதான் என் பிரச்சினை. டிலேடு அலொகேஷன் பக்குக்கு டெஸ்ட் எழுதினேன், ஃபிக்ஸ் இல்லாத கெர்னலிலும் பாஸ் ஆகிறது. ஃபைலில் எழுதி, ஃபைமேப் (ஃபைலின் எக்ஸ்டென்ட் பட்டியலைக் காட்டும் கட்டளை) ஓட்டி, லாகில் போட்டுவிட்டு, அப்புறம் எக்ஸ்ட்சைஸ் மாற்றுகிறேன். மாற்றம் மறுக்கப்படுகிறது. எங்கே தப்பு?

நடுவில் இருக்கிற அந்த ஃபைமேப்தான். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன், ஒரு முழு நாள் போச்சு.

விதி என்னவென்றால், ஃபைலில் ஏற்கெனவே எக்ஸ்டென்ட் இருந்தால் ஹின்ட்டை மாற்ற விடக்கூடாது. முன்பு கெர்னல் ஐநோடில் (ஃபைலைப் பற்றிய விவரங்கள் உள்ள பதிவு) இருக்கும் எக்ஸ்டென்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. சாதாரண பஃபர்டு ரைட் செய்தால் டிஸ்க்கில் உடனே இடம் ஒதுக்கப்படாது, "பிற்பாடு ஒதுக்கிக்கொள்ளலாம்" என்று நினைவகத்தில் மட்டும் முன்பதிவு இருக்கும், அதுதான் டிலேடு அலொகேஷன். அந்த நேரத்தில் எக்ஸ்டென்ட் எண்ணிக்கை பூஜ்யம், ஆனால் ஃபைலில் டேட்டா இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யம் என்று நம்பி ஹின்ட்டை மாற்ற விட்டதுதான் பக். இப்போது டிலேடு பிளாக் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

எக்ஸ்எஃப்எஸ்_ஐஓ-வின் ஃபைமேப் கட்டளை, முதலில் ஃபைலை சிங்க் செய்துவிட்டு (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு) பிறகு பதில் சொல் என்றுதான் கெர்னலைக் கேட்கும். நீங்கள் எட்டிப் பார்த்த அந்த நொடியில் டேட்டா டிஸ்க்குக்குப் போய்விட்டது, நிஜமான எக்ஸ்டென்ட் வந்துவிட்டது, பழைய சோதனையே அதைப் பிடித்துவிட்டது. பிடிக்க வேண்டிய நிலையை டெஸ்ட்டே கலைத்துவிட்டது. ஃபைமேப்பை எடுத்துவிட்டு, எழுதுவதையும் எக்ஸ்ட்சைஸ் மாற்றுவதையும் ஒரே எக்ஸ்எஃப்எஸ்_ஐஓ அழைப்பில் அடுத்தடுத்து வையுங்கள், இடையில் ஃபைல் மூடப்படவும் வேண்டாம். பார்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசியில் பாருங்கள்.

இன்னொன்று, ஸ்கிராட்ச் டைரக்டரியில் (டெஸ்ட்டுக்கென்று அழித்து அழித்துப் பயன்படுத்தும் இடம்) ஏற்கெனவே ஹின்ட் மரபாக வந்துகொண்டிருந்தாலும் இந்த டெஸ்ட் பயனற்றது. ஹின்ட் இருக்கிற ஃபைலில் எக்ஸ்எஃப்எஸ் டிலேடு அலொகேஷனையே பயன்படுத்தாது, எழுதும்போதே நேராக ஒதுக்கிவிடும். எழுதுவதற்கு முன் ஹின்ட் பூஜ்யம்தானா என்று ஒரு வரி சோதனை போட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்தெந்த நிலையில் மாற்றம் மறுக்கப்பட வேண்டும், எதில் அனுமதிக்கப்பட வேண்டும் என்று பட்டியல் தர முடியுமா?

சாதாரண டேட்டா டிவைஸில் இருக்கும் ஃபைலுக்குச் சொல்கிறேன். பெரும்பாலானோர் "காலி ஃபைலில் அனுமதி, எழுதிய ஃபைலில் மறுப்பு" என்ற இரண்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சுவாரஸ்யமானதெல்லாம் நடுவில்தான் இருக்கிறது. ட்ரங்கேட் மூலம் 1 எம்பி ஆக்கிய, ஆனால் ஒரு பைட்கூட எழுதாத ஃபைலில் அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் ஃபைலின் அளவு இங்கே கணக்கில்லை, எக்ஸ்டென்ட்தான் கணக்கு. ஃபால்லொகேட்டால் முன்கூட்டி இடம் பிடித்த ஃபைலில் மறுக்க வேண்டும், எழுதாவிட்டாலும் அதுவும் எக்ஸ்டென்ட்தான். எழுதிய ஃபைலைப் பூஜ்யத்துக்கு ட்ரங்கேட் செய்தால் மறுபடி அனுமதிக்க வேண்டும். எழுதிய ஃபைலில் ஏற்கெனவே இருக்கிற அதே மதிப்பை மறுபடி வைத்தால் அது வெற்றி பெற வேண்டும், மாற்றமே இல்லையே! இந்தக் கடைசிக் கேஸை யாருமே எழுதுவதில்லை. பேக்கப்பிலிருந்து ஃபைல்களைத் திருப்பி வைக்கிற கருவிகள் இதை நம்பித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம், அதனால் நான் விடாமல் கேட்கிறேன்.

மதிப்பையும் பாருங்கள். பிளாக் சைஸின் மடங்காக இல்லாவிட்டால் மறுப்பு. ஒரு அலொகேஷன் குரூப்பின் (எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பெரிய பகுதி) பாதியைவிடப் பெரியதாக இருந்தால் மறுப்பு. பூஜ்யம் வைத்தால் ஹின்ட்டும் போய், அதற்கான கொடியும் (ஹின்ட் உண்டு என்று காட்டும் அடையாளம்) போக வேண்டும், ஆனால் எக்ஸ்டென்ட் உள்ள ஃபைலில் ஏற்கெனவே ஹின்ட் இருந்தால் அதைப் பூஜ்யமாக்குவதும் மாற்றம்தான், மறுக்கப்படும்.

மறுப்பைச் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். மறுத்த பிறகு பழைய மதிப்பு அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிழை எண்ணைத் திருப்பிவிட்டு மதிப்பையும் மாற்றி வைக்கிற பக் இருந்தால் வேறு எப்படித் தெரியும்?

கேள்வி: என்னுடைய கோல்டன் அவுட்புட் (டெஸ்ட் அச்சிட வேண்டியது இதுதான் என்று ஒப்பிட வைத்திருக்கும் ஃபைல்) என் லேப்டாப்பில் பொருந்துகிறது, வேறொருவர் ஓட்டினால் பொருந்தவில்லை. 64 கேபி ஹின்ட், 4 கேபி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உங்கள் அவுட்புட்டில் இப்படி இரண்டு வரி இருக்கும் என்று நினைக்கிறேன்: 0 முதல் 7 வரை ஒரு எக்ஸ்டென்ட், 8 முதல் 127 வரை இன்னொன்று. ஃபைமேப் 512 பைட் அலகில் அச்சிடுகிறது, அதனால் 4 கேபி என்பது 8 அலகு, 64 கேபி என்பது 128 அலகு. முதலாவது எழுதியது, இரண்டாவது அன்ரிட்டன். 4 கேபி பிளாக்கில் இது சரி. 64 கேபி பிளாக் சைஸில் ஓட்டினால் 0 முதல் 127 வரை ஒரே எக்ஸ்டென்ட், ஹின்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான் வரும். அங்கே உங்கள் டெஸ்ட் தோற்பதைவிட, எதையுமே சோதிக்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

பிளாக் சைஸை ஹெல்பரிடம் கேட்டு வாங்குங்கள், ஹின்ட்டை அதன் 16 மடங்கு என்று வையுங்கள், அச்சிடும்போதும் பிளாக் அலகுக்கு மாற்றி அச்சிடுங்கள். டிஸ்க்கில் எந்த இடத்தில் ஒதுக்கியது என்ற எண்களைக் கோல்டன் அவுட்புட்டில் வைக்கவே கூடாது, அது ஒவ்வொரு மெஷினிலும் மாறும், முழு விவரம் வேண்டுமென்றால் ஃபுல் லாகுக்கு அனுப்புங்கள். ரியல்டைம் டிவைஸில் (ஃபைல் டேட்டாவுக்கு மட்டும் எக்ஸ்எஃப்எஸ் தனியாக வைக்கும் டிவைஸ்) ஒதுக்கும் அலகே வேறு, ஹின்ட் அந்த அலகின் மடங்காக இருக்க வேண்டும், அந்த ஹெல்பர் அதையும் பார்த்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் 64 கேபி பிளாக்கைச் சோதிக்க 64 கேபி பேஜ் (கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) உள்ள மெஷின் தேவைப்பட்டது. 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலிலிருந்து எக்ஸ்எஃப்எஸ் பேஜைவிடப் பெரிய பிளாக்கையும் மவுண்ட் செய்கிறது, உங்கள் லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். செய்யுங்கள்.

அப்புறம் இன்னொன்று கவனித்தேன், உங்கள் ஃபைலின் அளவு வெறும் 4 கேபி. ஃபைலின் முடிவுக்கு அப்பால் இருக்கிற இடத்தை மூடும்போது விட்டுவிடுவதா வைத்திருப்பதா என்பது கெர்னல் பதிப்பைப் பொறுத்து மாறியிருக்கிறது. முதலில் ட்ரங்கேட் செய்து 1 எம்பி ஆக்கிவிட்டு நடுவில் எழுதுங்கள், இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: ஹின்ட் வைத்தால் எக்ஸ்டென்ட் டிஸ்க்கிலும் அந்த மடங்கில்தான் தொடங்கும் என்று டெஸ்ட் எழுதலாமா?

வேண்டாம். ஃபைலுக்குள் இருக்கும் இடத்தையும் நீளத்தையும்தான் ஹின்ட் சீராக்குகிறது. டிஸ்க்கில் எந்த பிளாக்கில் தொடங்குகிறது என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. நீளத்துக்கும்கூட அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல; காலி இடம் துண்டு துண்டாகிவிட்ட ஃபைல்சிஸ்டத்தில் சிறிய எக்ஸ்டென்ட் கிடைப்பது தப்பே இல்லை. அதனால் ஒதுக்கீட்டின் நீளத்தைச் சோதிக்கிற டெஸ்ட் புதிதாக ஃபார்மேட் செய்த ஸ்கிராட்ச் டிவைஸில்தான் ஓட வேண்டும், பல டெஸ்ட் ஓடிப் பழகிப்போன டெஸ்ட் டிவைஸில் அல்ல. இருபது முறை தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள், ஒரு முறை தோற்றாலும் அனுப்பாதீர்கள். எப்போதாவது தோற்கிற டெஸ்ட்டை மக்கள் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் நிஜ பக் வந்து தோற்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: டைரக்டரியிலிருந்து மரபாக வருவதை எப்படிச் சோதிப்பது அண்ணா?

டைரக்டரியில் ஹின்ட் வைத்தால் அதன் கொடி வேறு, ஃபைலின் கொடி வேறு. புதிதாக உருவாகும் ஃபைலுக்கு ஃபைல் கொடியும், புது துணை டைரக்டரிக்கு டைரக்டரி கொடியும் வருகிறதா, முன்பே இருந்த ஃபைல் மாறாமல் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். மவுண்ட்டை எடுத்துப் போட்டு மறுபடி படியுங்கள். ஃபார்மேட் செய்யும்போதே ஹின்ட் மரபை இயக்குகிற ஆப்ஷனும் உண்டு, அதன் மதிப்பு பைட்டில் இல்லை, பிளாக் எண்ணிக்கையில் கொடுக்க வேண்டும், அங்கே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: காவ் எக்ஸ்டென்ட் சைஸுக்கும் (காப்பி-ஆன்-ரைட், அதாவது பகிர்ந்த பிளாக்கில் எழுதும்போது புது இடம் ஒதுக்கும் அளவு) இதே டெஸ்ட்டைக் காப்பி செய்யலாமா?

கூடாது, விதி வேறு. அதை எக்ஸ்டென்ட் இருக்கும்போதும் மாற்றலாம். எதுவுமே வைக்காவிட்டால் 32 பிளாக் என்று எடுத்துக்கொள்ளும், சாதாரண ஃபைலில் இரண்டு ஹின்ட்டும் இருந்தால் பெரியதை எடுக்கும். ரீஃப்ளிங்க் (ஃபைல்கள் பிளாக்கைப் பகிர்ந்துகொள்ளும் வசதி) இருக்கிற ஃபைல்சிஸ்டம் வேண்டும் என்பதையும் ஸ்கிரிப்ட்டில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செட்டிங் வைக்க முடியாவிட்டால் "நாட்ரன்" (ஓட்டவில்லை) என்று ஒதுங்கிவிடுகிறேன். ரிவ்யூவில் ஏன் வேண்டாம் என்றீர்கள்?

எந்தப் பிழை வந்தாலும் ஒதுங்கிவிடுகிறீர்களே, அதுதான். நாளைக்கு யாரோ கெர்னலில் தெரியாமல் உடைத்து, எக்ஸ்எஃப்எஸ்-இல் செல்லுபடியான மதிப்புக்கே மறுப்பு வந்தால், உங்கள் டெஸ்ட் தோற்காது, அமைதியாக ஒதுங்கிக்கொள்ளும், பட்டியலில் பச்சையாகவே தெரியும். ஆதரவு இருக்கிறதா என்று தனியாக ஆரம்பத்திலேயே கேளுங்கள். ஆதரவு உண்டு என்று தெரிந்த பிறகு வரும் எந்த மறுப்பும் தோல்விதான்.

கேள்வி: கடைசியாக ஒன்று. கரண்ட் போய்விட்டால் அந்த எழுதாத 60 கேபியில் பழைய டேட்டா தெரியக்கூடாது என்று டெஸ்ட் எழுதியிருக்கிறேன். எழுதுகிறேன், ஃபைல்சிஸ்டத்தை ஷட்டவுன் செய்கிறேன், மறுபடி மவுண்ட் செய்து பூஜ்யமா என்று பார்க்கிறேன். சரியா?

யோசனை அருமை. ஆனால் உங்கள் டிஸ்க் புது வெர்ச்சுவல் டிஸ்க், அதில் எல்லாமே ஏற்கெனவே பூஜ்யம். கெர்னல் பழைய டேட்டாவைக் காட்டினாலும் நீங்கள் பார்ப்பது பூஜ்யம்தான். முதலில் டிஸ்க்கை வேறு ஏதாவது பைட்டால் நிரப்ப வேண்டும். டிவைஸில் நேராக நிரப்பிவிட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், ஃபார்மேட் செய்யும்போது டிஸ்கார்ட் (இந்த இடம் இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்வது) ஓடி எல்லாவற்றையும் அழித்துவிடலாம். ஃபார்மேட் செய்து, மவுண்ட் செய்து, இடம் தீரும்வரை ஒரு பெரிய ஃபைலை அந்த பைட்டால் எழுதி, சிங்க் செய்து, அதை நீக்கி, மவுண்ட்டை ஒரு முறை எடுத்துப் போட்டு, அப்புறம் உங்கள் 4 கேபியை எழுதுங்கள். இந்த முறையும் ஃபைல் 1 எம்பி அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த 60 கேபியைப் படிக்கவே முடியாது. எழுதிய 4 கேபி போயிருந்தால் பரவாயில்லை, சிங்க் செய்யவில்லையே. ஆனால் நிரப்பிய பைட் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அது பக். இப்படி மாற்றி அனுப்புங்கள், 1 கேபி, 4 கேபி, 64 கேபி மூன்று பிளாக் சைஸிலும் நானே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.