சிறிய உடுப்பு வியாபாரத்துக்கு எந்த ஸ்டீமர் நல்லது?

திருகோணமலையில் வீட்டில் வைத்து சல்வார், சாறி விற்கிறீர்கள், ஆவியால் துணிச் சுருக்கம் எடுக்கும் கையடக்க ஸ்டீமர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு உடுப்பு என்றால் போதும். அதற்கு மேல் என்றால் ஸ்டாண்ட் வைத்ததையே வாங்குங்கள்.

காரணம் தண்ணீர்த் தொட்டிதான். கையடக்கத்தில் 250 மில்லிலீற்றர் அளவு பிடிக்கும். நிமிடத்துக்கு 25 கிராம் ஆவி வந்தால் பத்தே நிமிடத்தில் காலி. 2 லீற்றர் தொட்டியும் நிமிடத்துக்கு 35 கிராம் ஆவியும் உள்ளது ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஓடும். கடையில் வொட்டை மட்டும் பார்க்காமல் இந்தக் கிராம் கணக்கைக் கேளுங்கள்.

வாங்குமுன் வீட்டு பிளக்கையும் பாருங்கள். 1800 வொட் என்றால் 230 வோல்ட்டில் எட்டு அம்பியர் அளவு இழுக்கும். பழைய 5 அம்பியர் பிளக்கில் கட்டாயம் போடாதீர்கள், சூடேறி உருகிவிடும்.

ஜோர்ஜெட், சிஃபோன், கல் வேலை செய்த துணிக்கு ஸ்டீமர் அருமை. பருத்திச் சாறியின் மடிப்புக்கும் சேர்ட் கொலருக்கும் அயன்தான் சரி. பட்டுக்கு ஸ்டீமரின் ஆவி வரும் தலையைத் துணியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், நீர்த்துளி பட்டால் கறை நிற்கும்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் படிந்து ஆவித் துளைகள் அடைபடும், வெள்ளைத் தூள் துணியில் விழும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

அப்புறம், மாரி மழைக் காலத்தில் ஆவி பிடித்த உடுப்பை உடனே பொலித்தீனில் போடாமல், மின்விசிறிக்குக் கீழே நன்றாக உலரவிட்டுப் பொதி செய்யுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.