கிண்டி மெட்ரோவுல இருந்து பைக் டாக்சி: போகலாமா?

தோழி, கிண்டி மெட்ரோவுல இறங்கி ராமாபுரம் ஆபீசுக்கு பைக் டாக்சியில போகலாமா, அம்மா வேண்டாம்ங்கறாங்கன்னு கேட்டிருந்தீங்க. பகல்ல தாராளமா போங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது மட்டும் கூட வேலை செய்யறவங்களோட சேர்ந்து ஆட்டோவோ கேபோ பிடிங்க.

அம்மாவோட பயம் வெறும் 'ஊர் என்ன சொல்லும்' இல்லை. ஆட்டோவுல ஓட்டுறவருக்கும் நமக்கும் நடுவுல ஒரு கம்பியாவது இருக்கு. பைக்ல அந்த இடைவெளியே கிடையாது. பிரேக் போட்டாலே உடம்பு முன்னாடி சாயும். நிறைய பெண்கள் தயங்குறது இதுக்குத்தான், காசுக்கு இல்லை. அதனால முதுகுப் பையைக் கழற்றி ரெண்டு பேருக்கும் நடுவுல வைங்க, பின்கம்பியைப் பிடிச்சுக்கங்க. துப்பட்டாவை இடுப்புல இறுக்கி முடிச்சுப் போடுங்க. சக்கரத்துல சுத்தினா உயிருக்கே ஆபத்து. பின்னாடி உட்காரறவங்களுக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், கேட்டு வாங்குங்க.

நம்பர் பிளேட்டும் முகமும் ஆப்ல காட்டுறதோட ஒத்துப்போனா மட்டும் ஓடிபி சொல்லுங்க. "இது ஃபிரெண்டு வண்டி மேடம்"னு சொன்னா தயங்காம கேன்சல் பண்ணுங்க. பணத்தை ஆப்லயே கட்டிடுங்க. யுபிஐயில நேரா அனுப்பினா உங்க பேர் அவருக்குப் போயிடும். திரும்பி வரும்போது வீட்டு வாசல் வரை வேண்டாம், தெருமுனைக் கடையில இறங்கிக்கங்க. தமிழ்நாடு போலீசோட 'காவல் உதவி' ஆப்பும், பெண்கள் உதவிக்கான 181, அவசர உதவிக்கான 112 எண்களும் போன்ல இருக்கட்டும்.

பயண லிங்க்கை அம்மாவுக்கே அனுப்புங்க. வண்டி நகர்றதை மேப்ல அவங்களே பார்த்துட்டா பாதி மறுப்பு குறைஞ்சிடும்.