லேப்டாப் சார்ஜ் ஏறும்போது ஷாக் அடிக்கிறது: சார்ஜரை மாற்றுவதா, ஒயரிங்கைப் பார்ப்பதா?

கேட்டவர் சொல்வது இது: உலோக உடம்புள்ள லேப்டாப். சார்ஜரில் போட்டிருக்கும்போது கை வைக்கும் இடத்தில் லேசாகக் கரண்டு அடிக்கிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. புது சார்ஜர் வாங்கிப் பார்த்தும் போகவில்லை. இது ஆபத்தா, என்ன செய்யலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் புகாரோடு வருகிற லேப்டாப்பை என் மேஜையில் மாட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாது. கொண்டுவந்தவருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். "வீட்டுல வச்சா சத்தியமாட்டு அடிக்குது அண்ணே" என்பார். நம்பாமல் இல்லை. என் கடையில் எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒயர்) வேலை செய்கிறது, அவர் வீட்டில் செய்யவில்லை. அதனால் உங்களுக்கும் முதல் பதில்: மூன்று பின் சார்ஜர் என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

ஏன் அடிக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். சார்ஜர் அடாப்டருக்குள்ளே 230 வோல்ட் வருகிற பக்கமும் லேப்டாப்புக்கு 19 அல்லது 20 வோல்ட் போகிற பக்கமும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அந்த அடாப்டர் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி அனுப்புவதால் ரேடியோ, டிவியில் இரைச்சல் வரும். அதை அடக்க, இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன கெபாசிட்டர் வைக்கிறார்கள். ஒய் கெபாசிட்டர் என்று பெயர். பாதுகாப்புக்கென்றே தனியாகச் சோதித்துச் செய்தது, கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி வடிவமைத்தது. அதன் வழியாக ஒரு துளி ஏசி கரண்டு எப்போதும் கசியும். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் சுமார் 0.16 மில்லி ஆம்பியர்.

எர்த் பின் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உலோகத்திலேயே நிற்கும். நீங்கள் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று தொட்டால் உங்கள் வழியாகப் போகும். மல்டிமீட்டர் வைத்தால் 90, 100 வோல்ட் என்றுகூடக் காட்டும். பார்த்து அலற வேண்டாம். வோல்ட் இருக்கிறதே தவிர, பின்னால் தள்ளுவதற்கு ஆம்பியர் இல்லை. நியான் டெஸ்டர் வைத்தால் அதுவும் எரியும். அது எரிய மைக்ரோ ஆம்பியர் போதும், ஆகவே டெஸ்டர் எரிகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தக் கசிவுக்கு ஒரு அடையாளம் உண்டு. விரலை லேசாக வைத்து இழுத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், உள்ளங்கையை அழுத்தி வைத்தால் குறையும் அல்லது மறைந்தேபோகும். செருப்புப் போட்டால் நிற்கும். மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தால் கூடும். இது மட்டும்தான் என்றால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சுள்ளென்று அடித்துக் கை உதறினால், அடாப்டர் இரைந்தால், கருகல் வாடை வந்தால், கை வைக்க முடியாமல் சுட்டால், அது வேறு கதை. அடாப்டரின் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். திரும்ப மாட்டவும் வேண்டாம்.

இப்போது பலர் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்களை அடிப்பது லேப்டாப்பின் கசிவாகவே இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் எல்லா மூன்று பின் சாக்கெட்டின் எர்த் ஒயரும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே எர்த் குழிக்குப் போகிறது. குழியில் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர், கிணற்று மோட்டார், உங்கள் லேப்டாப் எல்லாவற்றின் உலோக உடம்பும் ஒரே ஒயரில் கோர்த்து அந்தரத்தில் தொங்குகின்றன. கிரைண்டரில் ஈரம் இறங்கி ஒயர் பாடியில் தட்டினால் 230 வோல்ட்டும் அந்த எர்த் ஒயர் வழியாக நேராக உங்கள் மடியில் இருக்கிற லேப்டாப்புக்கு வரும். பெரும்பாலான மூன்று பின் அடாப்டர்களில் எர்த் பின், லேப்டாப் பாடியோடு உள்ளேயே இணைந்திருக்கிறது. இதில் ஒய் கெபாசிட்டர் போல அளவு கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அதனால் ஒரு சோதனை: லேப்டாப் தவிர வீட்டில் மற்ற மூன்று பின் பிளக் அத்தனையையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். மோட்டார், கீசர் மாதிரி நேரடியாக இணைத்திருப்பவற்றுக்கு மெயின் போர்டில் அதனதன் பிரேக்கரை அணைத்தால் மட்டும் எர்த் ஒயர் பிரியாது, அதை எலக்ட்ரீஷியன்தான் கழற்ற வேண்டும். அடி வெகுவாகக் குறைந்தால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சார்ஜரை மாற்றி மாற்றிப் பார்த்தும் போகவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் வந்த சந்தேகமும் இதுதான்.

எர்த் எங்கே அறுகிறது? என் அனுபவத்தில் சுவரில் அல்ல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். மலிவாக விற்கிற பாக்ஸ்களில் மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வருகிற ஒயரில் இரண்டே கம்பி. எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். ஆகவே முதலில் சார்ஜரை நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

அடுத்தது கல்ஃப் பிளக். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பதால், அங்கிருந்து வருகிற லேப்டாப்பில் தட்டையான மூன்று கால் உள்ள பிரிட்டிஷ் பிளக் இருக்கும். நம் சாக்கெட்டில் நுழையாது. உடனே ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் செருகுவார்கள். அந்த மலிவுக் கன்வெர்ட்டர் பலவற்றில் எர்த் தொடர்பே இல்லை. இன்னும் சிலர் மல்டி சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் பேனா மூடியை விட்டுக் குத்தி, ஷட்டரைத் திறந்து இரண்டு பின்னை மாட்டிவிடுவார்கள். இதற்கு மருந்து மிகச் சுலபம்: அடாப்டரை விட்டு அந்தக் கேபிளை மட்டும் உருவிவிட்டு, நம் ஊர் மூன்று உருண்டைப் பின் உள்ள கேபிளைப் போடுங்கள். மறுமுனை மூன்று வட்டம் சேர்ந்த மாதிரி இருக்கும், எந்த கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

சுவர் சாக்கெட்டிலும் அடிக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் குழிதான். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை வீடுகளில் மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் எர்த்துக்கு மிக நல்ல மண்தான். ஆனால் அதே உப்பு ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) தின்றுவிடும். பைப் தலையில் கிளாம்ப் போட்டு முறுக்கிய நட்டைத் தொட்டால் பொடியாக உதிரும், கம்பி மட்டும் பார்வைக்கு அங்கேயே நிற்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் தலைகீழ். பாறையும் செம்மண்ணும், இரண்டரை மீட்டர் பைப் இறங்குவதே கஷ்டம், கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். அங்கே குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது பழைய ஆட்களின் வழக்கம். சரியான வழக்கம். பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு கம்பி ஒயரிங் மட்டுமே ஓடியிருக்கும், எர்த் என்கிற ஒயரே இருக்காது. புதுசாக மூன்று பின் போர்டு வைத்திருப்பார்கள், பின்னால் ஒன்றும் வராது.

எலக்ட்ரீஷியனை அழைத்தால் மீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (கரண்டு வருகிற கம்பி) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போகிற கம்பி) 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். மீட்டர் ஏமாற்றலாம் என்பதால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு நூறு வாட் குண்டு பல்பையும் எரியவைத்துப் பார்க்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் நல்ல எர்த். மங்கினால் இல்லை. ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாக அணைக்கிற பிரேக்கர்) உள்ள வீடென்றால் பல்பு வைத்ததும் அது டிரிப் ஆகும், அதுவும் எர்த் இருப்பதற்கான சாட்சிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் அயர்ன் பாக்ஸ் போன்ற பெரிய லோடு ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுத்தமாக 0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். சாக்கெட்டுக்குள்ளே யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். "லைட் எரியுதுல்லா, ஷாக்கும் நின்னாச்சு, பின்ன என்ன?" என்று கேட்பார்கள். ஷாக் நிற்கும் என்பது உண்மை. ஆனால் காற்றில் தெருக் கம்பத்து நியூட்ரல் அறுந்த அன்று உங்கள் பிரிட்ஜ், லேப்டாப் பாடி எல்லாம் முழு ஃபேஸில் நிற்கும். நம் மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிறது, மரம் விழுந்து கம்பி அறுவது புதிதில்லை. இந்த வேலையைச் செய்கிற ஆளைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் வேண்டாம். இன்றைய குழாய் பிவிசி, எங்கும் போய்ச் சேராது. பழைய இரும்புக் குழாய் என்றால், குளிக்கிறவர் கையில் போய்ச் சேரும்.

குழியைச் சரிசெய்தாலும் ஆர்.சி.சி.பி. கண்டிப்பாக வையுங்கள், 30 மில்லி ஆம்பியர் வகை. காரணம் ஒரு சின்னக் கணக்கு. மலைப் பக்கத்தில் எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 6 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் மட்டும் அணைகிற சாதாரண பிரேக்கர்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, கிரைண்டர் பாடியில் கரண்டு அப்படியே நிற்கும். ஆர்.சி.சி.பி.க்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஆனால் ஒரு ஆள் தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். மாதம் ஒருமுறை அதில் இருக்கிற டி பொத்தானை அழுத்திப் பாருங்கள், பலர் வாங்கி வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 0.16 மில்லி ஆம்பியர் கசிவுக்கு இது டிரிப் ஆகாது. அந்தக் குறுகுறுப்பு போக எர்த் மட்டும்தான் வழி.

உங்கள் சார்ஜர் இரண்டு பின் வகை என்றால் கதை மாறும். அடாப்டர் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சடித்திருக்கும். இரட்டை காப்பு, எர்த் தேவையில்லை என்று அர்த்தம். இதில் எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் லேசான குறுகுறுப்பு இருக்கும், அந்தச் சிறு கசிவைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. காலில் செருப்பு, கீழே பாய், அல்லது சார்ஜ் ஏற்றிவிட்டுக் கழற்றிப் பயன்படுத்துவது, இவை போதும். எரிச்சலாக இருந்தால் அதே கம்பெனியின் மூன்று பின் அடாப்டர் இருக்கிறதா பாருங்கள். வோல்ட் அதேயாக, ஆம்பியர் அதே அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். ஆப்பிள் மாதிரி அடாப்டர்களில் மாட்டும் சிறிய தலைக்குப் பதில் எர்த் உள்ள நீளக் கேபிளைப் போட்டால் அடி நின்றுவிடும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது டூப்ளிகேட் சார்ஜரைத்தான். உடைத்துப் பார்த்தால் ஒய் கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண கெபாசிட்டர் இருக்கும், 230 பக்கத்துக்கும் 19 பக்கத்துக்கும் நடுவே நகம் அளவுகூட இடைவெளி இருக்காது. அந்தச் சாதாரண கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் முழு மின்சாரமும் லேப்டாப்பில். 2012 உத்தரவுக்குப் பிறகு இங்கே விற்கும் அடாப்டரில் ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும் (பலவற்றில் 13252) ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதையும் அச்சடித்துப் போலி வருகிறது என்பது வேறு, ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே வேண்டாம்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அதிகமாக அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அப்படித்தான். அலை ஒழுங்காக இல்லாததால் கெபாசிட்டர் வழியே கசிவு கூடும். சைன் வேவ் என்றால் இந்தக் கூடுதல் வராது.

சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு டிராக் போட லேப்டாப்பை மிக்ஸரோடு இணைக்கிறவர்களும், டிவிக்கு எச்.டி.எம்.ஐ. போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எர்த் இல்லாத லேப்டாப்பில் 90 வோல்ட் மிதக்கும்போது ஒயரைச் செருகினால் பொறி பறக்கும், போர்ட் போய்விடும். என் கடைக்கு இப்படி வந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள் ஏராளம். எல்லா ஒயரையும் இணைத்துவிட்டுக் கடைசியில் கரண்டு போடுங்கள். பாடகர் உதட்டில் மைக் பட்டு அடித்தால் ஸ்பீக்கர்காரரைத் திட்டுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் லேப்டாப்பைப் பற்றிப் பேசாதீர்கள். "கணினி அடிக்கிறது" என்றால் சிரித்துவிட்டுப் போவார். "கீசருக்கும் மோட்டாருக்கும் எர்த் இல்லை" என்று சொல்லுங்கள், அவர் வீட்டுச் சாமானைப் பற்றியது என்றதும் ஆள் வருவார். அதுவரைக்கும் மூன்று பின் சார்ஜரின் எர்த் காலை உடைக்காமல், பேட்டரியில் ஓட்டுங்கள். அப்புறம், ஐப்பசி இடி மாதத்தில் எவ்வளவு நல்ல எர்த்தும் இடியிலிருந்து காப்பாற்றாது. வானம் இருண்டதும் சார்ஜரையும் நெட் கேபிளையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள், பலர் சார்ஜரை மட்டும் கழற்றிவிட்டு நெட் கேபிளை மறந்துவிடுகிறார்கள்.