பரணில் கிடந்த வீணையை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவின் தஞ்சாவூர் வீணை இது. விரல் வலியால் அவர் வாசிப்பை நிறுத்திய பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தது. என் பேத்தி கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று இப்போது இறக்கினோம். மெட்டுகளை (தந்தியை அமுக்கி வாசிக்கும் குறுக்குக் கம்பிகளை) தாங்கும் கறுப்பு மெழுகு வெடித்து உதிர்கிறது. ஐந்து மெட்டுகள் கழன்றுவிட்டன. உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. வாத்தியம் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்து, "மரம் இற்றுவிட்டது, பழுது பார்ப்பது வீண்செலவு. 6,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன். 55,000 ரூபாய்க்குப் புது ஏகாண்ட வீணை, ஒரே மரத்தில் குடைந்தது, தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

நாற்பது ஆண்டுகளாக வீணைக்கு மேளம் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்பப் பதிக்கிறேன். இதே கேள்வியோடு ஆண்டு முழுவதும் யாராவது வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஊர் மாறும், தொகை மாறும், "மரம் இற்றுவிட்டது" என்ற வசனம் மட்டும் மாறாது. அந்த மனிதர் குடத்தை ஒரு முறை தட்டியாவது பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். மெழுகு உதிர்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவருக்குத் தொகை தோன்றியிருக்கும்.

கறுப்பாக உதிர்கிறதே, அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்த கலவை அது. தண்டியின் இரு ஓரத்திலும் வரப்பு மாதிரி அதை எழுப்பி, வரப்பின்மேல் மெட்டுகளைப் பதிப்போம். வரப்பு வெடித்ததைப் பார்த்து வயலே போய்விட்டது என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? தினமும் வாசிக்கிறவர்களே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை. பரணில் இருபது ஆண்டு ஓட்டுச் சூட்டைத் தின்ற மெழுகு உதிராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேலை சிறியது என்று சொல்லவில்லை. 24 மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. புதுத் தந்தி கட்டி, சுருதி சேர்த்து, மெழுகை இளக்கி, மெட்டை வைத்து, மீட்டிக் காதால் கேட்டு, மயிரிழை முன்னே பின்னே தள்ளி நிறுத்த வேண்டும். காந்தார ஸ்வரம் ஒத்துக்கொண்டால் மத்யமம் முறைக்கும். பழைய தந்தியை வைத்துக்கொண்டே மேளம் கட்டித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். தேய்ந்த தந்தி பொய் சொல்லும், அந்தப் பொய்க்கு ஏற்ப மெட்டுகள் உட்கார்ந்துவிடும். கைப்பேசியில் சுருதிச் செயலியை வைத்துப் பச்சை விளக்கு எரிந்ததும் மெட்டை அமுக்குகிற பிள்ளைகளும் இப்போது வந்திருக்கிறார்கள். அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி கீபோர்டுக்குப் போட்ட கணக்கு. தம்புராவோடு உட்கார்ந்தால் அந்தர காந்தாரம் தூக்கலாக நிற்கும்.

இனி விரிசல். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் நேர்கோடாக விட்டிருக்கிறது என்றால் உங்கள் அம்மாவுடையது ஒட்டு வீணை. குடம், தண்டி, தண்டியின் நுனியில் இருக்கும் யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தது. அந்தக் காலத்து ஆசாரிகள் வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் வஜ்ஜிரம் பிடியை விட்டுவிடும். விட்டது நல்லதுதான்! இணைப்பு சுத்தமாகத் திறந்துகொள்ளும். பழைய பசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டி இறுக்கிக் கட்டிவிடலாம். உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வீட்டில் யாராவது கைவேலைப் பிரியர் இருந்தால் அவரைக் கிட்டே விடாதீர்கள். கடையில் விற்கும் வெள்ளைப் பசையையோ, இரண்டு குழாய்களில் வரும் பிசினையோ அந்த இடுக்கில் ஊற்றிவிட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்கள் அதிகம். பிசின் கல்லாகிவிடும். அப்புறம் இணைப்பைத் திறக்க வேண்டுமானால் மரத்தை உடைத்தாக வேண்டும்.

மரம் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். வீணைக்கு அடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்து நான்கு நாள் அசைக்காமல் வையுங்கள். மாவு போலப் புதிதாகத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. ஓட்டைகள் தெரிந்தும் தூள் விழவில்லை என்றால் அது பழைய கதை. பலா மரத்தின் வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது; ஓரத்து வெளிர் மரத்தைத்தான் தின்னும்.

ஒரே ஒரு கோளாறுக்குத்தான் நான் யோசிப்பேன்: தண்டி வளைவு. பரணில் ஏற்றும்போது யாரும் தந்தியைத் தளர்த்தியிருக்க மாட்டார்கள். ஏழு தந்திகளும் இத்தனை ஆண்டு இழுத்தபடியே இருந்திருக்கும். தண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அலங்காரக் கோட்டின்மேல் தையல் நூல் ஒன்றை, ஒரு முனை குடத்தருகிலும் மறுமுனை யாளியருகிலுமாக இழுத்துப் பிடியுங்கள். நடுவில் கோடு நூலைவிட்டுக் கீழே இறங்கியிருந்தால் வளைவு இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் என்றால் கவலையே வேண்டாம். மெழுகு வரப்பை அந்த இடத்தில் சற்று உயர்த்தி மெட்டைச் சமன் செய்துவிடுவோம். மெழுகில் மேளம் கட்டுவதன் அருமையே அதுதான். அதற்கு மேல் என்றால், வளைவு எங்கே என்று பார்க்க வேண்டும். உங்களுடையது ஒட்டு வீணை. இணைப்பு வேறு விட்டிருக்கிறது. பெரும்பாலும் அந்த இணைப்புதான் மடங்கியிருக்கும், தண்டி நேராகவே இருக்கும், ஒட்டும்போது நிமிர்த்திவிடலாம். இணைப்பு கெட்டியாக இருந்து தண்டி நடுவில் வளைந்திருந்தால் தண்டியை மட்டும் மாற்றலாம். குடம் அம்மாவுடையதாகவே இருக்கும். குரல் குடத்தில்தான் இருக்கிறது. ஏகாண்ட வீணையில் இந்த வழி கிடையாது, எல்லாம் ஒரே மரம். தந்தியைத் தளர்த்தி இரண்டு மாதம் வைத்தால் மீளும் என்று சிலர் சொல்வார்கள். மீண்டதையும் பார்த்திருக்கிறேன், மீளாததையும் பார்த்திருக்கிறேன். தந்தி மெட்டைவிட்டு உயரமாக நிற்பதைப் பார்த்ததுமே "தண்டி வளைந்துவிட்டது" என்று அலறவும் கூடாது. மெழுகு வற்றி மெட்டு கீழே இறங்கியிருந்தாலும் அப்படித்தான் தெரியும். நூலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

அவர் சொல்லும் "ஏகாண்டம்" பற்றிக் கொஞ்சம். குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே பலா மரத் துண்டில் குடைந்தால்தான் ஏகாண்ட வீணை. நான்கடிக்கு மேல் நீளமும் குடத்துக்கு வேண்டிய பருமனும் உள்ள, வெடிப்பில்லாத அடிமரம் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட மரத்தைத் தேடி அலைகிறோம். ஒருவர் கையில் எப்போது கேட்டாலும் ஏகாண்டம் தயாராக இருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான். இணைப்பின்மேல் பூ வேலைத் தகடு அடித்து, மக்கு பூசி, அடர்ந்த நிறத்தில் பாலிஷ் ஏற்றிவிட்டால் ஒட்டும் ஏகாண்டமாகிவிடும். மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குள் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாலிஷுக்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார். ஒட்டு வீணை மட்டம் என்பதே விற்கிறவர்கள் கிளப்பிய கதை. நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்த ஒட்டு, ஈரம் போகாத ஏகாண்டத்தைவிட எவ்வளவோ மேல். உங்கள் அம்மாவின் மரம் காய வேண்டிய அளவுக்குக் காய்ந்து, அசைய வேண்டிய அளவுக்கு அசைந்து அடங்கிவிட்டது. புது வீணை இனிமேல்தான் அசையத் தொடங்கும்.

பழையதை அவர் என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு வீணையின் குடத்துக்குள் விரிசலுக்கு ஒட்டுப் போட்டுத் தந்தேன். அந்த வீட்டார் பிறகு அதை ஒரு தரகரிடம் மாற்றிக்கொண்டார்களாம். ஓர் ஆண்டு கழித்து அதே வீணை வேறொருவர் கையில் என் பட்டறைக்கு வந்தது. மேலே பளபளவென்று பாலிஷ், யாளிக்குப் புதுப் பொன்வண்ணம். "நூறு வருஷத்து மரம், நாதம் கனிந்தது" என்று சொல்லி, புது வீணையின் விலைக்கு மேல் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். விளக்கை உள்ளே காட்டினேன். என் ஒட்டும், அதில் நான் பென்சிலில் போட்ட தேதியும் அப்படியே இருந்தன. இற்றுப்போன மரத்துக்கு இவ்வளவு மதிப்பு!

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். எங்கே யார் செய்தது என்றே தெரியாத வீணைக்கும் "தஞ்சாவூர்" என்று பலகை மாட்டி விற்பவரை இதுவரை யாரும் என்னிடம் வந்து விசாரித்ததில்லை. வாங்குகிறவருக்கு எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்ல ஒரு பக்கத் துண்டறிக்கைகூட என் கண்ணில் படவில்லை. இசை படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் வீணையின் உறுப்புகளைத் தேர்வுக்கு மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அறுந்த பஞ்சமத் தந்தியை மாற்றத் தெரியாது. அதற்கும் எங்களிடம்தான் வருகிறார்கள். பார்சல் அலுவலகத்தில் வீணையும் பெஞ்சும் ஒன்றுதான், "மரச்சாமான்" என்று எழுதிக் குப்புறப் போட்டுவிடுவார்கள். ஆகவே பார்சலில் அனுப்பாதீர்கள், நேரில் கொண்டுபோங்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம் சொச்சம்தானே. காலையில் கிளம்புங்கள். தேன்மெழுகு 62 டிகிரி சூட்டில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் வீணையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் இருக்கிற மெட்டுகளும் சாய்ந்துவிடும். யாளிப் பக்கம் தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியே வையுங்கள். தந்திகளைச் சிறிது தளர்த்துங்கள், முழுவதும் அவிழ்க்க வேண்டாம். அதற்கு முன், குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையின் கால்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள்.

கழன்ற ஐந்து மெட்டுகளையும் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மீதி பத்தொன்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய மெட்டு கனமாக இருக்கும். "தேய்ந்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று புது லேசான மெட்டைப் போட்டுவிட்டு உங்களுடையதை வைத்துக்கொள்வார்கள். தந்தி அறுத்த பள்ளம் ஆழமில்லை என்றால் அரத்தால் ராவினால் போதும். தந்தியை முறுக்கும் பிரடைகள், யாளி முகம், குடத்தின் மேல்பலகை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பலகையில் புது வார்னிஷ் ஏற்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மினுமினுப்பு ஏறும், குரல் அடைத்துக்கொள்ளும். குடத்தின் ஓரத்தில் வெள்ளைப் பதிப்பு இருந்தால் அது தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருக்கலாம். இன்று அவற்றை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதையும் சேர்த்து விலை பேசுகிறவரிடம் இதை நினைவூட்டுங்கள்.

பேத்தி எந்தச் சுருதியில் கற்கப்போகிறாள் என்று அவளுடைய ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அது தெரியாமல் மேளம் கட்டச் சொன்னால், கட்டுகிறவர் தன் வசதிக்கு ஒன்றை வைத்துக் கட்டிவிடுவார். மேளத்துக்கும் ஒட்டுக்கும் தனித்தனியாகக் கூலி கேளுங்கள், மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மேளக் கூலி மட்டும் புது வீணை விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் வேண்டாம் என்றதும் அந்த வியாபாரி மறுபடி வருவார். 6,000 என்றது 10,000 ஆகும், அப்புறம் 15,000 ஆகும். மரம் இற்றுவிட்டது என்றாரே, அதை மட்டும் ஒரு முறை திருப்பிக் கேளுங்கள்.