ஈரக் குப்பையில் தொடங்குங்கள்: கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று இருக்கும் சாதாரண வீட்டில், இயற்கைக்குப் பாரமாகாமல் வாழ முடிகிறதா? முயன்றவர்கள் எங்கே தொடங்கினீர்கள்? வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைத்தார்களா?

முடிகிறது. எங்கே தொடங்குவது என்று கேட்டிருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமையலறை ஈரக் குப்பையில். துணிப்பை, மூங்கில் பல் துலக்கி, பூந்திக்கொட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் அவற்றில் தொடங்கி இரண்டு ஆண்டுகளைப் போக்கினோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவின் நடுவே. கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அத்தை, அதாவது மாமியார், முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இந்தப் பதிலில் அவர் அடிக்கடி வருவார். பாதி அறிவு அவருடையது.

நான் பிறந்தது மேட்டுப்பாளையத்தில். அங்கே குப்பையை வாசலுக்கு வெளியே வைத்தால் அதோடு நம் கவலை முடிந்தது. திருமணமாகி இங்கே வந்த பிறகுதான், மலையில் எதையும் வெளியே போட முடியாது, கீழேதான் போட முடியும் என்று புரிந்தது. கீழே எப்போதும் இன்னொருவர் வீடு இருக்கிறது, அதற்கும் கீழே ஓர் ஓடை இருக்கிறது. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். 2024-இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அந்தச் சிறு காட்டில் ஊறிவரும் தண்ணீரை நம்பிக் கீழே பல ஊர்கள் இருக்கின்றன. இந்தச் சரிவின் ஓடைகள் சுற்றிச் சுற்றிப் போய்ப் பவானியில் சேர்கின்றன. பவானிக் கரையில் வளர்ந்தவள் நான். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் பால் பாக்கெட்டும் தக்காளித் தோலும் அடித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, என் அம்மா வீட்டுக் குடத்தில் நானே கைவிட்டுக் கலக்குவது போல இருந்தது.

மாநிலம் முழுவதும் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது நான் மிகுந்த உற்சாகத்தோடு தொடங்கினேன். நீலகிரிக்கு அந்தத் தடை புதிதில்லை. இங்கே அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்துவிட்டார்கள். கடைக்குப் பை எடுத்துப் போவது அத்தைக்கு இயல்பான பழக்கம். நான் மேலும் பல பொருட்களை வாங்கிக் குவித்தேன். பூந்திக்கொட்டையில் பாத்திரம் துலக்கினேன். இங்கத்திய குளிர்ந்த தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அதற்காக வெந்நீர் வைத்தேன். கேஸ் கூடுதலாகச் செலவானது. ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன்.

2021-இல் மகளுடைய பள்ளிச் செயல்பாட்டுக்காக ஒரு வாரம் வீட்டுக் குப்பையை எடைபோட்டோம். ஏழு நாளில் மொத்தம் 11 கிலோ. அதில் 8 கிலோவுக்கு மேல் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு, பழத்தோல். நான் கண்ணும் கருத்துமாகக் குறைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக், எடையில் ஒரு கிலோகூட வரவில்லை. பிளாஸ்டிக்கால் வரும் தீங்கை எடை காட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஈரக் குப்பையோடு கலந்த பிறகு அந்தப் பிளாஸ்டிக்கையும் யாரும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்து அழுகி மீத்தேனும் நாற்றமுமாகக் கிடக்கும். ஈரத்தைத் தனியே எடுத்துவிட்டால் மீதி எல்லாம் சுத்தமாகக் காய்ந்து கிடக்கிறது, பழைய பொருள் வாங்குபவர் மகிழ்ச்சியோடு எடுத்துப் போகிறார்.

உரம் போடலாம் என்று முடிவு செய்தேன். அம்மா மூன்று மண்பானைகளைத் துளையிட்டுக் கொடுத்தனுப்பினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பின்வாசலில் வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "வெளியே வைக்காதே கண்ணு, கரடி வரும்" என்றார். காய்கறித் தோலுக்கா கரடி வரப்போகிறது என்று நான் நினைத்தேன். பதினோராம் நாள் இரவு பானைகள் உடையும் சத்தம் கேட்டது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் ஓடுகள் சிதறிக் கிடந்தன, வாழைப்பழத் தோலும் அழுகிய கொய்யாவும் போன இடம் தெரியவில்லை, ஈர மண்ணில் நீண்ட நகங்களின் தடம். கதவிலிருந்து நான்கு அடி. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் என் மகன் படுத்திருந்தான். அன்று என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

சமவெளியில் இருந்து வழிகாட்டிக் குறிப்பு எழுதுபவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இங்கே எண்ணெய் வாடைக்கும் பழ வாடைக்கும் கரடி வரும். கோவில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடி வரும், சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டும் வரும். காட்டெருமை குப்பைத் தொட்டியில் தலையை விட்டு மேயும். குப்பைக்குத் தெருநாய் சேரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இதைக் கேட்டு, உரமே போடாமல் பையில் கட்டித் தெருமுனையில் வைத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அப்போது கரடி தெருமுனைக்குப் போகும். என் பயத்தை வேறொரு வீட்டு வாசலில் வைத்ததாகிவிடும்.

அத்தைதான் வழி சொன்னார். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை இரண்டு வாங்கினோம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்தோம். அடியில் சிமென்ட் பூசவில்லை. நீர் வடியவும் மண்புழு வரவும் வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கனமான இரும்பு மூடியும் கொக்கியும் செய்தோம். மழை இறங்காமல் மேலே ஒரு தகரம். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மூடியைவிட முக்கியமானது காய்ந்த இலை. ஒரு பங்கு ஈரக் குப்பை போட்டால் இரண்டு பங்கு காய்ந்த இலை போட வேண்டும். தேயிலைக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் மரங்கள் கொட்டும் இலை இங்கே மலிந்து கிடக்கிறது. கற்பூர மர இலை, அதாவது யூகலிப்டஸ் இலை வேண்டாம், எண்ணெய்ப் பசையால் எளிதில் மக்குவதில்லை. இலை ஈரத்தை இழுத்துக்கொண்டு காற்றுக்கு இடம் விடுகிறது, அதனால் அழுகல் வாடை எழுவதில்லை. வாடை இல்லாத இடத்தில் கரடிக்கு வேலை இல்லை. அத்தை ஒவ்வொரு நாளும் மேலே ஒரு பிடி சாம்பல் தூவச் சொன்னார். தூவுகிறேன், ஒரு பிடிக்கு மேல் போனால் தழைச்சத்து வீணாகும் என்பதால் அளவோடு. கறி, மீன், எண்ணெயில் பொரித்தது எதுவும் உறைக்குள் போவதில்லை. மீனையும் கோழியையும் கடையிலேயே சுத்தம் செய்து வாங்குகிறோம். எலும்பைப் பக்கத்து வீட்டு நாய்க்கு, தின்று முடிக்கும்வரை நின்று கொடுக்கிறோம்.

குளிர் இன்னொரு சோதனை. அம்மா வீட்டில் இரண்டு மாதத்தில் தயாராகும் உரம் இங்கே ஐந்து மாதம் எடுக்கிறது. மார்கழியில் உறைபனி கொட்டும் நாட்களில் உறைக்குள் எதுவும் நடப்பதாகவே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சூடு ஏறாது. ஓர் உறையைச் சீக்கிரம் நிரப்பி, தேயிலைச் சக்கையை நன்றாகக் கலந்து, மேலே ஈரச் சாக்கு போர்த்தி மூடிவிட்டு, அடுத்த உறைக்குப் போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. இன்று அந்த உரத்தில்தான் கொல்லையில் மேரக்காய் (சௌசௌ) பந்தல், பீன்ஸ், கீரை, கொஞ்சம் உருளைக்கிழங்கு. கிழங்கில் பாதி முள்ளம்பன்றிக்குப் போகிறது. மேரக்காய் தெரு முழுவதும் கொடுக்கும் அளவுக்குக் காய்க்கிறது.

இந்த ஒன்று நிலைத்த பிறகு மற்றவை எளிதாக வந்தன. எங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் மொச்சையும் வேக நெடுநேரம் ஆகும். இரவே ஊறவைத்து, குக்கரில் ஒரு விசில் விட்டு, இறக்கியதும் பழைய கம்பளியில் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிடுகிறேன். மீதி வேக்காடு தானாக நடக்கிறது. எங்கள் சிலிண்டர் முன்பைவிடப் பத்து நாள் கூடுதலாக வருகிறது. பாலுக்குத் தூக்குவாளி எடுத்துக்கொண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மகன் போகிறான்; நாளுக்கு இரண்டு பாக்கெட் என்றால் ஆண்டுக்கு 730 உறைகள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வர்க்கி வாங்க பேக்கரிக்குச் சம்படம் கொண்டுபோகிறோம்.

பழைய முறை எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அத்தை, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட குச்சிகளைப் பொறுக்கிக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அடுப்பெரித்தவர். காசில்லாத விறகு, மரம் வெட்டாத விறகு. ஆனால் அந்தப் புகையால் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. இப்போது சமையல் கேஸில்தான், மிலாறு வீட்டுக்கு வெளியே இருக்கும் வெந்நீர் பாய்லருக்கு மட்டும். சாம்பலும் அங்கிருந்துதான். ஒரு பெண்ணின் நுரையீரலைக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் கேஸ் எங்களுக்கு வேண்டாம்.

மாதவிடாய்த் துணியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். கோடையில் துணி நன்றாக உதவுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் நான்கு நாளானாலும் அது காய்வதில்லை. சரியாகக் காயாத துணி நோய் தரும். நான் மாதவிடாய்க் கப்புக்கு மாறிவிட்டேன். மகள் மழை மாதங்களில் கடை நாப்கின்தான் பயன்படுத்துகிறாள். அவளை இதில் வற்புறுத்த எனக்கு மனமில்லை.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைத்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவர் முதலில் ஒத்துழைக்கவில்லை. நாள் முழுவதும் வளைவுகளில் வண்டி ஓட்டிவிட்டு வருபவரிடம் இரவு எட்டு மணிக்குக் குப்பை பிரிப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தது என் தவறு. அவரை மாற்றியது சாலை. பலாப்பழக் காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் இறங்கும். ஒரு நாள் முன்னால் போன வண்டியிலிருந்து யாரோ பலாப்பழத் தோலைப் பாலிதீன் உறையோடு வீசினார்கள். ஒரு குட்டி யானை அதை உறையோடு வாயில் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவர் வண்டியில் மூடி போட்ட ஒரு டப்பாவும் ஒரு தண்ணீர் கேனும் இருக்கின்றன. பயணிகளிடம் ஏறும்போதே சொல்லிவிடுகிறார்: "குப்பை எதுவானாலும் இதில் போடுங்கள், தண்ணீர் வேண்டுமானால் கேனில் பிடித்துக்கொள்ளுங்கள்." பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் எங்கள் தோட்டத்து வரப்புகளில் உடைந்த கண்ணாடி இருக்கும். கொழுந்து பறிப்பவர்களின் காலையும் காட்டு விலங்குகளின் காலையும் அது கிழித்தது. இப்போது கண்ணில் படும் பாட்டிலை யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள். மகள் இதைப் பார்த்துவிட்டு, "சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இப்படி வைத்தால் என்ன அம்மா?" என்று கேட்டாள். எனக்கு அது மிகச் சரியான கேள்வியாகப் பட்டது. வீடுகள் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்தப் பளபளப்பான உறையை நான் மக்க வைக்க முடியாது, பழைய பொருள் வாங்குபவரும் எடுப்பதில்லை. செய்த நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை மகனுக்கு வாரத்துக்கு ஒரு பாக்கெட் என்று பேசி வைத்திருக்கிறோம். சில வாரங்களில் இரண்டாகிவிடுகிறது. உறைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் சேர்க்கிறேன். பாதிச் சாக்கு நிறைந்திருக்கிறது.

உங்கள் மாமியாரிடம் புதிதாக எதையும் சொல்லித் தருவதற்கு முன், அவர் சிறுவயதில் வீட்டுக் குப்பையை என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் அதைப் பானைகள் உடைந்த பிறகுதான் கேட்டேன். இந்த மழைக்கு முன் மூன்றாவது உறை இறக்கப்போகிறோம், பக்கத்து வீட்டாரும் தங்கள் ஈரக் குப்பையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காய்ந்த இலை ஒன்பது மூட்டை சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு மூட்டையாவது வேண்டும் என்று அத்தை சொல்கிறார்.