கைவிலங்கு, டேசர், அறிக்கை: ஓய்வுபெற்ற சிறை அதிகாரியிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் சிறை அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கைதியைக் கட்டுப்படுத்தும் முறைகளைச் சொல்லிக்கொடுத்தேன். போலீஸ், சிறை இரண்டிலும் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் எப்படிக் கணக்குக் காட்டவேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும், நான் வழக்கறிஞர் அல்ல. நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

காமாட்சி, உட்லண்ட்ஸ்: அக்கா மகனை புளோக்குக்குக் கீழேயே பிடித்துத் தரையில் அழுத்தி விலங்கு போட்டார்கள். சண்டையைத் தடுக்கப்போனவன் அவன். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு எல்லையும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கைது செய்யும்போது ஒருவர் எதிர்த்துத் திமிறினாலோ தப்பப் பார்த்தாலோ, பிடிப்பதற்குத் தேவையான நியாயமான வழிகளைக் கையாளலாம். அடுத்த 76ஆம் பிரிவைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். தப்பாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. ஆகவே நாலு பேர் அடித்துக்கொள்ளும் இடத்தில் யார் அடித்தவன், யார் விலக்கியவன் என்று தெரியாத முதல் நிமிடத்தில் தரையில் அழுத்தியதை நியாயம் என்று சொல்லிவிடலாம். பையன் அடங்கிப்போய்க் கிடந்த பிறகும் முழங்காலை எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை.

மணிக்கட்டில் தழும்பு இருந்தால் இன்றே படம் எடுங்கள், தேதியோடு. பாலிகிளினிக்கில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். விலங்கில் இரட்டைப் பூட்டு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் கையை அசைக்கும்போது விலங்கு மேலும் இறுகாது. போட மறப்பது சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. "விலங்கு இறுகுகிறது, பாருங்கள்" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் கையை உதறி அதிகாரியைத் தட்டிவிட்டால், கடமையைச் செய்யும் அரசு ஊழியரைக் காயப்படுத்தியதாக வழக்கு வரலாம். அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை.

பிரபு, போலீஸில் தேசிய சேவை: சார், அறிக்கையில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. "சந்தேக நபர் முரண்டு பிடித்தார், குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது" என்று எழுதினேன். சார்ஜன்ட் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நல்ல சார்ஜன்ட். தம்பி, அந்த ஒரு வரியில் மூன்று ஓட்டை இருக்கிறது. முரண்டு என்றால் என்ன? கையை இழுத்துக்கொண்டானா, ஓடினானா, கடித்தானா? குறைந்தபட்சம் என்று யார் அளந்தது? பயன்படுத்தப்பட்டது என்றால் பயன்படுத்தியது யார், பக்கத்தில் இருந்த தூணா?

இப்படி எழுதிப் பார்: "இடது கையை உதறிவிட்டு இரண்டடி பின்னால் போனார். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. 'கையை வெளியே எடுங்கள்' என்று இரண்டு முறை சொன்னேன். எடுக்கவில்லை. அவர் வலது முழங்கையை நான் பிடித்துப் பின்னால் மடக்கினேன். என் சக அதிகாரி இடது கையைப் பிடித்தார். தரையில் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. விலங்கு போட்டதும் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்தோம். வலி இருக்கிறதா என்று கேட்டேன், தோள் வலிக்கிறது என்றார், ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம்." இதைப் படிக்கிறவர், ஒத்துக்கொள்கிறாரோ இல்லையோ, என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்துவிடுவார்.

இன்னும் சில. பலத்தைக் கையாளும் முன் உனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை முதலில் எழுது. பின்னால் தெரியவந்ததை முன்னால் தெரிந்ததுபோல் எழுதாதே. பாக்கெட்டில் கைப்பேசிதான் இருந்தது என்றால் கைப்பேசிதான் இருந்தது என்று எழுது. உன் பயம் நியாயமானதாக இருந்தால் கைப்பேசி அதைக் கெடுத்துவிடாது. எப்போது நிறுத்தினாய் என்பதை விட்டுவிடாதே, பலர் விடுவது அதைத்தான். அப்புறம், நண்பனின் அறிக்கையைப் பார்த்து எழுதவே கூடாது. இரண்டு பேர் ஒரே சம்பவத்தைப் பார்த்தால் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கத்தான் செய்யும். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால்தான் வக்கீல் சிரிப்பார்.

அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். அந்த நகரப் போலீஸ் முதலில் விட்ட அறிக்கையின் தலைப்பு என்ன தெரியுமா? போலீஸாருடன் இருந்தபோது ஏற்பட்ட மருத்துவச் சம்பவத்தில் ஒருவர் மரணம் என்பதுதான். கழுத்தில் முழங்கால் இருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழியில் போன ஒரு பெண்பிள்ளை எடுத்த காணொளி இல்லாவிட்டால் கோப்பு அப்படியே மூடியிருக்கும். பொய் எழுதினால்தான் தப்பு என்று நினைக்காதே. முக்கியமானதை விட்டுவிட்டு எழுதுவதும் அதே வேலையைச் செய்யும்.

இங்கே ரோந்து அதிகாரிகளுக்கு 2015இல் சட்டையில் மாட்டும் கேமரா வரத் தொடங்கியது. அது இருக்கிறதே, எழுதுவானேன் என்று நினைக்காதே. உன் நெஞ்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அது மட்டும்தான் அதில் பதியும்.

மலர், கிளமெண்டி: 2022இல் எங்கள் வட்டாரப் போலீஸ் நிலையத்துக்கு வெளியே கத்தியோடு வந்த ஒருவரைச் சுட்டார்களே. காலில் சுட்டிருக்கலாமே என்று அம்மா இன்னும் சொல்கிறார்.

அந்தச் சம்பவத்தில் முதலில் டேசரைத்தான், அதாவது முள்ளை எய்து மின்சாரம் பாய்ச்சும் கருவியைத்தான், பயன்படுத்தினார்கள். பலிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே குண்டு, கையில் பட்டது, ஆள் உயிர் பிழைத்தார். டேசரின் இரண்டு முள்ளும் உடலில் சரியாகக் குத்தி நிற்கவேண்டும். தடித்த துணி இருந்தால், அல்லது ஒரு முள் தவறினால், மின்சாரம் பாயாது.

காலில் சுடுவது சினிமாவில் சுலபம். ஓடிவருகிறவனின் கால், உடம்பிலேயே அதிகம் அசையும் பகுதி. தவறிய குண்டு பின்னால் நிற்கும் ஆன்ட்டி மேல் பாயும். தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே பட்டாலும் சில நிமிடத்தில் உயிர் போகலாம். அதனால்தான் பயிற்சியில் உடலின் நடுப்பகுதியைக் குறிவைக்கச் சொல்கிறார்கள். துப்பாக்கியை எடுக்கலாமா கூடாதா என்பதுதான் உண்மையான முடிவு. எடுத்த பிறகு, கொஞ்சமாகச் சுடுவது என்று ஒன்று கிடையாது.

பெயர் வேண்டாம்: 2010இல் சாங்கி சிறையில் ஒரு தமிழ்ப் பையன் இறந்தானே. அதைப் பற்றிப் பேசுவீர்களா, இல்லை நழுவுவீர்களா?

பேசுகிறேன். 2010 செப்டம்பர் 27. வயது 21. அவர் ஓர் அதிகாரியைத் தாக்கினார், பல அதிகாரிகள் சேர்ந்து அடக்கினார்கள், கை பின்னால் விலங்கிடப்பட்டு, குப்புறக் கிடந்த நிலையில் மூச்சு முட்டி இறந்தார். மேற்பார்வை பார்த்த மூத்த அதிகாரி மீது வழக்குப் போட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 2013இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10,000 வெள்ளி அபராதம். அரசாங்கமும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அபராதம் போதுமா என்று கேட்டால், மகனை இழந்த தாய்க்குப் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது எப்படி நடக்கிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும், காவலாளி வேலை பார்க்கிறவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் உட்பட. நாம் மூச்சு இழுக்க நெஞ்சுக்கூடு விரியவேண்டும், வயிறு வெளிப்பக்கம் தள்ளவேண்டும். ஒருவரைக் குப்புறப் போட்டு, கையைப் பின்னால் கட்டி, முதுகில் யாராவது எடையை வைத்தால் இரண்டும் நடக்காது. போராடி முடித்த உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் இது நடக்கிறது. மூச்சு கிடைக்காதவன் உயிருக்காகத் துடிப்பான். மேலே இருப்பவருக்கு அது திமிறுவதாகத் தெரியும், இன்னும் அழுத்துவார். பிறகு திடீரென்று அடங்கிவிடுவான். "அப்பாடா, அடங்கிவிட்டான்" என்று நினைக்கும் அந்த நொடிதான் ஆபத்து.

"பேச முடிகிறது என்றால் மூச்சு இருக்கிறது" என்பார்கள். தப்பு. நாலு வார்த்தை பேசத் தேவையான காற்று வேறு, உயிர் வாழத் தேவையான காற்று வேறு. விலங்கு பூட்டியவுடன் பக்கவாட்டில் திருப்பவேண்டும், உட்கார வைக்கவேண்டும். ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அறையில் தனியாகக் குப்புறப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தவே கூடாது.

சுமதி, யீஷூன்: தம்பி உள்ளே இருக்கிறான். சந்திக்கப் போனபோது கன்னத்தில் வீக்கம். விழுந்துவிட்டேன் என்கிறான். யாரிடம் சொல்வது?

சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தத் தேதியில் சந்தித்தீர்கள், எந்தக் கன்னம், அவர் என்ன சொன்னார் என்று மட்டும். யாரையும் குற்றம் சாட்டவேண்டியதில்லை, மருத்துவப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறைக்கு வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட பார்வையாளர் நீதிமான்கள் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் சிறைக்குள் போய்ப் பார்ப்பார்கள், கைதிகளின் புகாரைக் கேட்பார்கள். உங்கள் தம்பி அவர்களிடம் நேராகவே பேசலாம். அதை அடுத்த சந்திப்பில் அவரிடம் சொல்லுங்கள். உண்மையிலேயே விழுந்திருக்கவும் கூடும். இன்னொரு கைதி அடித்திருக்கவும் கூடும், அப்படியானால் பயத்தில் சொல்லமாட்டார்.

கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா. விதிகள் 2015இல் திருத்தப்பட்டு நெல்சன் மண்டேலா பெயரில் வந்தன. அதில் 82ஆவது விதி, பலத்தைக் கையாண்ட சிறை ஊழியர் உடனே சிறைத் தலைவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. உடனே என்ற அந்தச் சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் எழுதும் அறிக்கையில் நினைவு குறைந்து, யோசனை கூடியிருக்கும்.

ரவி, ஜூரோங்: ஊரில் சாத்தான்குளத்தில் நடந்ததே, இங்கே அது நடக்கவே நடக்காது என்று சொல்கிறீர்களா?

எந்த ஊருக்கும் அப்படி உத்தரவாதம் தரமாட்டேன். 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸிடம் அடிபட்டுப் பிறகு இறந்தார்களே, அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. கேமரா வாங்குவது சுலபம். பதிவு யார் கையில் இருக்கிறது, யார் அழிக்கமுடியும் என்பதைக் கேளுங்கள்.

இங்கே காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை கட்டாயம். எப்படி, எங்கே, எப்போது இறந்தார் என்பதைக் கண்டறிவதுதான் அதன் வேலை. யார் குற்றவாளி என்று அது தீர்ப்புச் சொல்லாது. இது தெரியாமல் போய்விட்டு ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

'கோப்பிக்கடை': உங்கள் ஆட்களை உங்கள் ஆட்களே விசாரித்தால் என்ன வரும்?

நியாயமான சந்தேகம். போலீஸ் மீதான கடுமையான புகாரை முதலில் பார்ப்பது போலீஸின் உள்விவகார அலுவலகம்தான். அதன் முடிவுகளைப் பார்க்க உள்துறை அமைச்சின் கீழ் சுயேச்சையான மறுஆய்வுக் குழு ஒன்றும் இருக்கிறது. அது போதாது என்று தோன்றினால் நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது குற்றம், அதையும் நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017 முதல் விலங்கு போட்டதைக்கூடப் பதிவு செய்து, ஆண்டுதோறும் எண்ணிக்கையை வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 2019இல் போலீஸ் பலத்தைப் பயன்படுத்துவது பற்றிய தகவல் தொகுப்பு ஒன்றைத் தொடங்கியது, ஆனால் அதற்குத் தகவல் கொடுப்பது அந்தந்தப் போலீஸின் விருப்பம். இங்கிலாந்து பாணி அட்டவணை இங்கே வந்தால் நான் கைதட்டி வரவேற்பேன். ஒழுங்காக நடந்துகொள்ளும் அதிகாரிக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை.

சாந்தி, தோ பாயோ: மகனுக்கு மனச்சிதைவு நோய். கத்தியை எடுத்தால் போலீஸின் 999 எண்ணைக் கூப்பிடவே பயமாக இருக்கிறது.

கூப்பிடுங்கள் அம்மா, ஆனால் சொல்லும் விதம் முக்கியம். முதல் வாக்கியத்திலேயே நோய் என்ன, மருந்து எப்போது நின்றது, கையில் என்ன இருக்கிறது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். எந்த மொழியில் பேசினால் அடங்குவான், எதைக் கண்டால் மிரளுவான் என்பதையும் சொல்லுங்கள். வருகிறவர் கத்திக்காகத் தயாராவதற்கும் நோயாளிக்காகத் தயாராவதற்கும் வித்தியாசம் உண்டு. முடிந்தால் நீங்கள் வெளியே வந்து கீழே காத்திருங்கள். 2024இல் திருத்திய மனநலச் சட்டப்படி, ஆபத்து அந்த நிமிடமே நடக்கப்போகிறது என்று இல்லாவிட்டாலும், நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் போலீஸ் அவரைப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகலாம். கத்தி வரை போகாத நாட்களில் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண், 6389 2222.

ஃபைசல்: போலீஸைப் படம் எடுக்கலாமா?

பொது இடத்தில், தள்ளி நின்று, குறுக்கே போகாமல் எடுக்கலாம். ஆனால் பொது ஒழுங்குச் சட்டப்படி, நடவடிக்கைக்கோ அதிகாரிகளுக்கோ ஆபத்து வரும் என்றால் நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சொன்னால் நிறுத்துங்கள், அங்கே வாதாடாதீர்கள்.

குமரன், ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்: நான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் துணைக் காவல் அதிகாரி. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். உங்களை நியமிப்பதும் போலீஸ் படைச் சட்டத்தின் கீழ்தான், துப்பாக்கியும் இடுப்பில் இருக்கிறது. சம்பளம் தருவது கம்பெனி என்பதால் அறிக்கையைக் கம்பெனி மேலாளர் சொல்லும்படி எழுதிவிடாதீர்கள். கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.