தண்ணீர் வரும் நாளில் வரும் கனவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சில நாள் கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுகிறது. போன வாரம் தறி ஓடுகிறது, நாடா பாய்கிறது, சத்தமே இல்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாட்களில்தான் இப்படி நடக்கிறது. நாலு மணிக்கு எழுந்து டிரம், குடமெல்லாம் நிரப்பிவிட்டு ஐந்துக்கு மறுபடி படுப்பேன். இரவு ஷிப்ட் வாரத்தில் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீருக்கும் கனவுக்கும் என்ன சம்பந்தம்?

செ.

அன்புள்ள செ.,

தண்ணீருக்குச் சம்பந்தமில்லை, நாலு மணிக்கு உண்டு.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. சுற்றின் கடைசியில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைப் பதிவு செய்தார்கள். கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். முன்னிரவில் இந்தக் கட்டம் சில நிமிடம்தான். விடியும் நேரத்தில் அரை மணி வரை நீளும். பத்து மணிக்குப் படுத்தவருக்கு நாலு மணிக்குள் ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் குடம் தூக்குகிறீர்கள். அந்த விழிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கனவுக்குள்ளும் வந்துவிடுகிறது. வேறு ஊர்களில் இதையே அலாரம் வைத்துச் செய்கிறார்கள்: ஐந்தாறு மணி நேரம் தூங்கி எழுந்து, அரை மணியோ ஒரு மணியோ விழித்திருந்து, ‘கனவு வந்தால் கனவென்று தெரிய வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே படுப்பது. உங்களுக்கு அலாரம் குழாய்.

வான் ஈடன் என்ற டச்சு மருத்துவர் 1913இலேயே, தனக்கு இத்தகைய கனவுகள் காலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில்தான் வருகின்றன என்று எழுதிவைத்தார். விடிகாலைக் கனவு பலிக்கும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பலிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. எழுந்த பிறகு ஞாபகத்தில் நிற்பது அதுதான், அதனால் வந்த பேச்சாக இருக்கும்.

இரவு ஷிப்ட் முடிந்து பகலில் படுத்தால் வெயிலும் தெருச் சத்தமும் எத்தனை மணி நேரம் விடும்? கனவு நீளும் பகுதிக்கு வருமுன்பே எழுந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காகத் தினமும் நாலு மணிக்கு எழ வேண்டாம். அரைத் தூக்கத்தோடு தறிப் பக்கம் நிற்பது சரியில்லை. லீவு நாளில் பாருங்கள், போதும்.

எனக்கு ஒரே ஒரு முறை வந்தது, ஏற்காட்டில், மார்கழியில். குளிர் தாங்காமல் நாலு மணிக்கு எழுந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி கம்பளிக்குள் புகுந்தேன். கனவில் பஸ்ஸில் மலை இறங்குகிறேன், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக எண்ணிக்கொண்டு. பலகையில் 21 என்று இருந்தது. சேலம் பாதையில் இருப்பதே 20தானே! கனவென்று புரிந்த சந்தோஷத்திலேயே விழித்துவிட்டேன். கனவு மங்கினால் அதற்குள்ளேயே இரண்டு கைகளையும் தேய்க்கச் சொல்கிறார் ஸ்டீபன் லபெர்ஜ் என்ற ஆய்வாளர். அன்று எனக்கு அது தெரியாது. சத்தமில்லாத தறி மறுபடி வந்தால் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.